சாமி குடியேறிய மரம்!

'உன்னைப் பிரியவே மாட்டேன்' என்று சங்கிலியாருக்குச் சத்தியம் பண்ணித் தரணும். சந்நிதியில் பண்ணினால் மீற முடியாதே! 'அந்த நேரம் மட்டும் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க' என்று சிவனிடம் ரகசிய ஏற்பாடு செய்தார் சுந்தரர். சிவனோ சங்கிலியார் கனவில் போய், 'சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கிக்கோ' என்று போட்டுக் கொடுத்துவிட்டார்! சத்தியத்தை மீறிக் கிளம்பிய சுந்தரருக்கு ஊர் எல்லையிலேயே பார்வை போச்சு. பெரியபுராணக் கதை.

நடந்த இடம், நம்ம திருவொற்றியூர். தியாகராஜ சுவாமி கோயிலின் தல மரம் மகிழம்.

கோயிலுக்கு வெளியே, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ரோட்டோரம் எத்தனை மகிழம் நிற்கிறது? எண்ணிப் பாருங்கள். கன்டெய்னர் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டால் நேரத்துக்கா பஞ்சம்!

சென்னைத் தெருக்களில் நாம் ஆசை ஆசையாய் நட்டது மடகாஸ்கர் குல்மொஹரையும் தென் அமெரிக்கத் தூங்குமூஞ்சியையும். மளமளவென்று வளரும், சீக்கிரம் நிழல் தரும். ஆனால் 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தபோது இந்த வெளிநாட்டு ஆசாமிகள்தான் அதிகமாகப் படுத்தார்கள். அவசரமாய் வளர்ந்த கட்டையில் உறுதி ஏது? போதாததற்கு, அடிமரம் வரை நாம் சிமென்ட் பூசி வைத்தோம். வேர் எங்கே போகும், பாவம்!

சரி, வேம்பு மட்டும் நட்டுடலாமா? பி.காம். படித்தவன் சொல்கிறேன்... மொத்தப் பணத்தையும் ஒரே ஷேரில் போடாதீங்க. 2021-ல் தெலங்கானாவில் நோய் வந்து வேப்ப மரங்கள் நுனி கருகி நின்றன.

கடலோரம் உப்புக் காற்றுக்குப் பூவரசு, புன்னை. உள்ளே தள்ளி மணலி பக்கம் மகிழம், நாவல், புங்கன், அத்தி. கலந்துகட்டி நடணும் சார். மகிழம் மெதுவாகத்தான் வளரும். இன்று கன்று நட்டு போட்டோவுக்கு நிற்கும் வி.ஐ.பி., பேரனோடு வந்தால் நிழல் கிடைக்கலாம்!

எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி தனி ரகம். சேற்றுக்குள் மூச்சு முட்டுமென்று வேரையே மேலே நீட்டிக் காற்று வாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், நேராக அந்த மூக்கிலேயே அப்பிக்கொண்டது. நட்ட கன்றுகளை வரவு வைக்கிற ரிஜிஸ்டரில் இதை எங்கே பற்று எழுதுவார்களோ! மீனவர்கள் படகில் போய் எண்ணெயைக் கையாலேயே அள்ளினார்கள். தண்ணீரில் மிதந்ததை அள்ள முடிந்தது. வேரில் ஒட்டியதை?