ஒரு டீ, மூன்று வட்டம்

கிளாஸைத் தூக்கிவிட்டு பெஞ்சைப் பாருங்கள். ஈர வட்டம் ஒன்று, பாதி காய்ந்தது ஒன்று, பழுப்பேறிக் காய்ந்தது ஒன்று. "ஒரு டீதான் குடிச்சேன்" என்றால் கடைக்காரர் நம்புவாரா?

வட கொரியா 1992-இல் மாட்டியது ஏறக்குறைய இப்படித்தான். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் 1985-லேயே சேர்ந்த நாடு அது. (இந்தியா இன்றுவரை கையெழுத்தே போடவில்லை, அது தனிக் கதை.) யோங்பியோன் உலையின் எரிகோல்களிலிருந்து ஒரே தடவை, குண்டுக்கு உதவும் புளூட்டோனியத்தை 90 கிராம் அளவுக்குப் பிரித்ததாகக் கணக்குக் கொடுத்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அங்கிருந்த கருவிகளைத் துணியால் துடைத்து, ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார்கள். புளூட்டோனியம் நாள்பட நாள்பட அதில் கொஞ்சம் அமெரிசியமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால், பிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று சொல்லிவிடலாம். துணியில் 1989, 1990, 1991 என்று மூன்று வயது தெரிந்தது.

பொய் பிடிபட்டது, சரி. அப்புறம்?

கழிவுக் கிடங்குகளைத் திறந்து காட்டுங்கள் என்றது முகமை. ஒப்பந்தமே வேண்டாம் என்று 1993 மார்ச்சில் அறிவித்தது வட கொரியா. அதற்கும் ஒப்பந்தத்திலேயே வழி உண்டு. நாட்டின் தலையாய நலனுக்கு ஆபத்து என்று காரணம் சொல்லி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், வாடகை வீட்டைக் காலி செய்கிற மாதிரி. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, விலகலை நிறுத்திவைப்பதாகச் சொன்னார்கள்.

1994-இல் ஜெனீவாவில் அமெரிக்காவோடு பேரம் படிந்தது. யோங்பியோனை மூடினால் இரண்டு அணுமின் உலைகள், அவை வரும்வரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் எண்ணெய். என்னைக் கேட்டால் மோசமான பேரமில்லை. எட்டு வருஷம் அங்கே புதிதாகப் புளூட்டோனியம் பிரிக்கவில்லை. ரகசியமாக யுரேனியம் செறிவூட்டுவதாக 2002-இல் அமெரிக்கா குற்றம் சாட்டியதும் எண்ணெய் நின்றது, ஆய்வாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மின் உலை ஒன்றுகூட எழும்பவில்லை.

2003 ஜனவரி 10 அன்று மறுபடி விலகல். மூன்று மாதக் கெடு? அதைத்தான் பத்து வருஷம் முன்பே கழித்துவிட்டோமே, பாக்கி ஒரு நாள்தான் என்றார்கள்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தென் கொரியத் தலைநகர் சியோல், எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வட கொரியப் பீரங்கிக்கு எட்டுகிற தூரம். அதனால் யோங்பியோனை யாரும் அடித்துப் பார்க்கத் துணியவில்லை.

2006-இல் முதல் அணுகுண்டுச் சோதனை, 2017-க்குள் ஆறு. நடுவில் திரும்பி வந்திருந்த ஆய்வாளர்கள் 2009-இல் மறுபடி வெளியேற்றப்பட்டார்கள், அதன்பின் அனுமதிக்கப்படவே இல்லை. யோங்பியோனில் நீராவி எழுகிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறது முகமை.