"எப்போ போகும்?"

ஆவடியில் புறப்பட்ட மின்சார ரெயில், அம்பத்தூரைத் தாண்டி நடுவழியில் நிற்கிறது. "சிக்னல் விழவில்லை" என்று மற்றவர்கள் அரட்டையைத் தொடருவார்கள். ஆட்டிசம் உள்ள சிறுவனால் அப்படி இருக்க முடியாமல் போகலாம். "எப்போ போகும்? எப்போ போகும்?" என்று ஓயாமல் கேட்பான், அழுவான். பார்ப்பவர்கள் "என்ன பிடிவாதம்!" என்பார்கள்.

பிடிவாதம் அல்ல, பயம்! அடுத்து என்ன என்று தெரியாத பயம். பெரியவர்களுக்கும் இது உண்டு.

அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். எதுவும் மாறக்கூடாது என்ற தவிப்பை அப்போதே அவர்களிடம் கண்டார். "என்ன ஆகுமோ" என்பதைத் தாங்க முடியாதவர்களுக்கே பதற்றமும் அதிகம் என்று, 2014-ல் வெளியான இங்கிலாந்து நியூகாசில் ஆராய்ச்சியாளர்களின் ஆய்வு காட்டியது.

"இதோ கிளம்பிவிடும்" என்று சமாதானம் சொல்வது வீண். கிளம்பாவிட்டால் பயம் இரட்டிப்பாகும். "எப்போது என்று தெரியாது. கிளம்பினால் அடுத்தது பட்டரவாக்கம், பிறகு கொரட்டூர். அம்மா கூடவே இருப்பேன்" என்பது மேல். தெரிந்ததைச் சொல்லியாயிற்று, பொய்யும் இல்லை.

அதற்காக மாறுதலே இல்லாமல் வளர்க்க முடியுமா? பஸ் தாமதமாகும், மின்சாரம் போகும். சிறிது சிறிதாகத்தான் பழக்க வேண்டும். மூடிய கையில் எந்த மிட்டாய் என்று சொல்லாமல் நீட்டலாம். இன்னொரு நாள், வழக்கமான கடைக்குப் பதில் பக்கத்துக் கடைக்குப் போகலாம்.