தக்காளிச் செடியில் கிள்ள வேண்டியதும் விட வேண்டியதும்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் ஹைதராபாத் காஞ்சன்பாக் பகுதியின் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகுந்துவிடும். உயிர்வாழ் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களும் மிதானி, பாரத் டைனமிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் சூழ்ந்த இப்பகுதிக்குப் பணி நிமித்தமாக வந்து, ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அப்துல் கலாம் அவர்கள் 1982-இல் இங்குள்ள ஏவுகணை ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற நாள்களை நேரில் கண்டவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுள் ஒருவர், உலோகவியல் அறிஞர், 2023 நவம்பரில் என் மேசைக்கு எதிரே அமர்ந்து படிவத்தில் கையொப்பமிட்டார். நிமிர்ந்தவர் என் விரல்களைப் பார்த்தார்.

"நகத்தில் பச்சைக் கறை இருக்கிறதே தம்பி, தக்காளிச் செடியைக் கிள்ளினீர்களா?"

"ஆமாம் சார், காலையில்தான்."

"என்ன ரகம்?"

தெரியவில்லை என்றேன். "ரகம் தெரியாமல் கிள்ளுவது கணக்கு எண்ணைப் பார்க்காமல் பணம் அனுப்புவது மாதிரி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றிருந்ததால் மேலும் கேட்க இயலவில்லை. அதன் பொருளை அந்தப் பருவம் முழுவதும் இழப்பின் வழியாகவே கற்றுக்கொண்டேன்.

நான் தக்காளி வளர்க்கத் தொடங்கியதற்கு அவ்வாண்டு ஜூலை மாதத்து விலையே காரணம். கிலோ நூறு ரூபாயைத் தாண்டி மேலே சென்ற அந்நாள்களைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டின் சில்லறைப் பணவீக்கம் ஜூன் மாதத்தில் 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தது, ஜூலையில் 7.44 விழுக்காட்டை எட்டியது. அதில் காய்கறிகளின் பங்கு, குறிப்பாகத் தக்காளியின் பங்கு, மிகப் பெரிது. நடுவண் அரசு கூட்டுறவு அமைப்புகளின் வழியாகச் சலுகை விலையில் தக்காளி விற்க நேர்ந்தது. வணிகவியல் படித்தவனுக்கு இத்தகைய நேரத்தில் தோன்றும் எண்ணம் எனக்கும் தோன்றியது: நாமே விளைவித்தால் என்ன? செப்டம்பரில் ஆறு வளர்ப்புப் பைகளுடன் மொட்டை மாடியில் தோட்டம் தொடங்கியது.

தக்காளியில் இரு வகை வளர்ச்சி உண்டு. முதல் வகையில், தண்டு ஓரளவு வளர்ந்ததும் அதன் நுனியே பூங்கொத்தாக மாறி வளர்ச்சி நின்றுவிடும். பக்கக் கிளைகளும் அவ்வாறே பூங்கொத்தில் முடியும். செடி குட்டையாகப் புதர்போல் அமைந்து, குறுகிய காலத்திற்குள் காய்த்து முடிக்கும். தேனி மாவட்டம் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகையில், நுனி பூங்கொத்தாவதே இல்லை. நோயோ வெயிலோ நிறுத்தும் வரை தண்டு நீண்டுகொண்டே போகும். பூங்கொத்துகள் தண்டின் ஓரத்தில் இடைவெளி விட்டுத் தோன்றும். திராட்சை அளவில் காய்க்கும் செர்ரித் தக்காளிகளில் பெரும்பாலானவை இவ்வகையே.

கவாத்து என்பது இந்த இரண்டாம் வகைக்கு உரியது. குட்டை ரகத்தில் ஒவ்வொரு பக்கக் கிளையும் ஒரு பூங்கொத்து. அதைக் கிள்ளினால் கிள்ளப்படுவது காய்தான். நாற்றங்காலில் நான் வாங்கிய ஆறு நாற்றுகளில் மூன்று செர்ரி, மூன்று குட்டை ரகம். ஆறையும் ஒரே சீராகக் கிள்ளினேன். குட்டைச் செடிகள் மூன்றும் சேர்ந்து ஒருமுறை ரசம் வைக்கவும் காணாத அளவே காய்த்தன. ரகத்தின் பெயர் தெரியாவிட்டால் செடியையே கேட்கலாம்: இரண்டு பூங்கொத்துகளுக்கு இடையில் மூன்று இலைகள் தவறாமல் இருந்தால் அது நீண்டு வளரும் ரகம், ஒன்றோ இரண்டோ இருந்தால் குட்டை ரகம். முதல் இரு பூங்கொத்துகள் தோன்றும் வரை பொறுத்திருந்தால் போதும்.

நீண்டு வளரும் ரகத்தில் எதைக் கிள்ளுவது? இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்திலிருந்து ஒரு தளிர் புறப்படும். அதை விட்டுவிட்டால் அதுவே இன்னொரு முழுத் தண்டாகும். அதன் கக்கங்களிலிருந்தும் தளிர்கள் புறப்படும். நிலத்தில் வேர் விரிய இடமிருக்கும் செடிக்கு இதனால் பெரிய கேடில்லை. பைக்குள் அடங்கிய வேரோ அத்தனை தண்டுகளுக்கும் நீரும் ஊட்டமும் அளிக்க இயலாமல் திணறும். அடர்ந்த இலைகளுக்கிடையே காற்று புகாமல் பூஞ்சை நோய் தங்கும். ஆகவே கக்கத் தளிர்களை விரல் நீளம் ஆகும் முன்பே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிவிட வேண்டும். பனி ஈரம் உலர்ந்த காலை வேளை ஏற்றது. காயம் மாலைக்குள் காய்ந்துவிடும். தடித்துவிட்ட தளிருக்கு மட்டும் கத்தரிக்கோல் போதும். அதைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்வது நல்லது.

புதியவர்கள் பூங்கொத்தைத் தளிரென்று எண்ணிக் கிள்ளிவிடுவதுண்டு. பூங்கொத்து இலைக்கக்கத்தில் தோன்றாது; இரு இலைகளுக்கு இடைப்பட்ட வெறும் தண்டிலிருந்து நேரே புறப்படும். இவ்வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் போதும். நானோ அதற்கும் மேலே சென்று, ஒரு செடியின் தலைமை நுனியையே ஒடித்துவிட்டேன். அதற்கும் மாற்று உண்டு: மேலே உள்ள கக்கத் தளிர் ஒன்றைக் கிள்ளாமல் விட்டால் அது நுனியின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

எத்தனை தண்டுகள் விடுவது என்பதில் ஒரே விதி கிடையாது. நம் மாடிகளுக்கு இரண்டு தண்டு முறையே ஏற்றது என்பது என் கருத்து. முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே உள்ள கக்கத் தளிர் எப்போதும் வலுவானது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளலாம். இரு தண்டுகளையும் தனித்தனிக் குச்சியில், பழைய வேட்டிக் கிழிசலால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்ட வேண்டும். கிள்ளிய தளிர்களை எறிந்துவிட வேண்டாம். கட்டைவிரல் தடிப்புக்குக் குறைந்த, நலமான தளிரை ஈர மண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால் ஓரிரு வாரங்களில் வேர்விடும், நாற்றுக்குச் செலவில்லை.

புகையிலைப் பழக்கம் உடையவர்களுக்கு ஒரு சொல். புகையிலையும் தக்காளியும் ஒரே தாவரக் குடும்பம். பீடி, சிகரெட், ஜர்தா வழியாக விரலில் ஒட்டும் தேமல் நச்சுயிரி கிள்ளிய காயத்தின் வழியே செடிக்குள் புகக்கூடும். சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே செடியைத் தொடுக.

இனி இலைகள். மண்ணைத் தொடும் கீழ் இலைகளை அகற்றுவது எந்த ரகத்துக்கும் நல்லதே. நீர் ஊற்றும்போது தெறிக்கும் மண்ணோடுதான் இலைக்கருகல் பூஞ்சை மேலேறுகிறது. ஒரு சாண் உயரம் வரை தண்டு வெறுமையாக இருந்தால் அந்த ஏணி இல்லாமற் போகும். அதற்கு மேல் எவ்வளவு அகற்றுவது என்பதில்தான் நான் பெரிதும் தவறினேன். காணொளிகளில் ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களைப் பார்த்திருப்பீர்கள். காய்க்குக் கீழே ஓர் இலையும் இல்லாமல் தண்டு கயிறுபோல் தொங்கும். அங்கே வெளிச்சம் அரிது. இங்கே அது மிகை. 2024 பிப்ரவரிக் கடைசியில் அவ்வண்ணமே இலைகளை அகற்றினேன். மார்ச் இரண்டாம் வாரத்தில் மேற்குப் பார்த்த காய்களிலெல்லாம் வெளுத்த, காகிதம்போல் உலர்ந்த திட்டுகள். முதலில் நோயென்று எண்ணினேன். அது வெயில் சுட்ட காயம். அந்தத் திட்டின் வழியே காய்கள் அழுகத் தொடங்கின. பழுக்கவிருந்தவற்றில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயின.

வைப்புத்தொகை ஒன்றின் தொடர்பாக அந்த வாரம் கிளைக்கு வந்த ஓய்வூதியரிடம் இதைச் சொன்னேன். சிவராத்திரியோடு குளிர் 'சிவ சிவா' என்று போய்விடும் என்று தெலுங்கர்கள் சொல்வதை நினைவூட்டி, "அதற்குப் பிறகு கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட வேண்டும்" என்றார். அது முதல் என் நடைமுறை இதுதான்: குளிர்காலத்தில் தளிரை அடியோடு கிள்ளுவது, சிவராத்திரிக்குப் பின் தளிரில் இரண்டு இலைகளை விட்டு அதன் நுனியை மட்டும் கிள்ளுவது. தண்டு பெருகாது, விட்ட இலைகள் காய்க்குக் குடையாகும். மார்ச் நடுவில் நிழல்வலையும் கட்டிவிடுகிறேன். இலை செடியின் மூலதனம்; வருமானம் வரத் தொடங்கிய நேரத்தில் மூலதனத்தைக் குறைத்துக்கொண்டவன் நான்.

நீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: அளவைவிட ஒழுங்கு முதன்மையானது. பொங்கலுக்கு மதுரை சென்று ஐந்து நாள் கழித்துத் திரும்பினேன். காய்களின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்திருந்தது. காய் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாததால் வருவது இது. மண்ணில் அச்சத்து இருந்தாலும், நீர் ஓட்டம் தடைப்பட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது. முட்டை ஓடு போடச் சொன்னார்கள். ஓடு மட்கப் பல மாதங்கள் ஆகும். அந்தப் பருவத்துக் காய்க்கு அது உதவாது. உலர்ந்த இலைகளால் மூடாக்கு இடுவதும், ஊருக்குப் போகையில் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்வதும் உதவும். வறண்ட பையில் திரும்பி வந்ததும் வாளி வாளியாக ஊற்றினால் காய் வெடிக்கும். அதையும் செய்து பார்த்திருக்கிறேன்.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய்க்கு மருந்தில்லை. நுனி இலைகள் சுருண்டு சிறுத்து மஞ்சள் பாய்ந்தால் அச்செடியை அன்றே பிடுங்கிப் பையில் கட்டி அகற்ற வேண்டும். பூத்த செடியைப் பிடுங்க மனம் வராது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று நான் ஒரு செர்ரிச் செடிக்குத் தவணை நீட்டித்தேன். பக்கத்துச் செடிக்கும் பரவியது. வாராக்கடன் பிரிவில் மூன்றாண்டு இருந்தவன் இதைச் செய்திருக்கக் கூடாது. மஞ்சள் ஒட்டும் அட்டைகளைத் தொடக்கத்திலேயே தொங்கவிடுவது ஈயின் வரவை அறிய உதவும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் போன்ற நோய் தாங்கும் கலப்பினங்களையும் கருதலாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பகல் வெப்பம் 35 பாகையை மீறினால் தக்காளியில் பூ உதிரும். ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத் 40-ஐத் தொடும். வயல்களிலும் கோடை வெப்பம் பிஞ்சைக் குறைப்பது ஜூன், ஜூலை விலையேற்றத்துக்கு ஒரு காரணம். ஆகவே விலை உச்சத்தில் இருக்கும்போது நம் மாடியிலும் தக்காளி இராது. நம் செடி நிறையக் காய்க்கும் ஜனவரியில் சரூர்நகர் ரைத்து பஜாரிலும் அது மலிவாகவே கிடைக்கும். பை, மண், மண்புழு உரம், குச்சி, நிழல்வலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் ஆண்டில் எனக்கு நட்டமே. குளிர்கால மிகையைக் கூழாக்கி உறைபெட்டியில் வைத்தால் கோடைக்குச் சிறிது மிஞ்சும், அவ்வளவுதான். செடியிலேயே பழுத்ததன் சுவைக்காக வளர்ப்பவர்கள் வளர்க்கலாம். மார்ச்சுக்குப் பின் அதுவும் இயலாது: வெப்பம் மிகுந்தால் சிவப்பு நிறமி உருவாவது தடைப்பட்டுக் காய் மஞ்சளாகவே நின்றுவிடும். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்கவைப்பதே வழி.

2024 நவம்பரில் அந்த ஓய்வூதியர் கிளைக்கு வரவில்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே சான்றிதழ் அளித்துவிட்டதாகப் பேரன் சொன்னான். (நேரில் வர இயலாதவர்கள் இவ்வசதியைப் பயன்படுத்தலாம், 80 வயது நிறைந்த நடுவண் அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம்.) முழங்கால் வலியால் அவர் மாடி ஏறுவதில்லையாம். பேரன் கொண்டுவந்த பழைய உறையில் ஒரு தேக்கரண்டி அளவு விதை இருந்தது. மேலே பி.கே.எம். 1 என்று எழுதியிருந்தார். கலப்பினம் அன்று என்பதால் இதன் விதையை எடுத்து மீண்டும் விதைத்தாலும் அதே குணம் வரும். ஆண்டுதோறும் அவர் தம் மாடியில் எடுத்துவந்த விதை அது.

பருவம் சற்றுப் பிந்தியிருந்தாலும் உடனே விதைத்தேன். ஜனவரியில் பூத்தபோது தொலைபேசியில் அழைத்தார். "எத்தனை கிள்ளினீர்கள்?" என்று கேட்டார். கீழ் இலைகள் நான்கைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன்.