பழைய கணிப்பொறியைத் தூக்கி எறியுமுன்

நமக்கு நெடுங்காலமாய்ப் பழக்கமான அம்மையார் ஒருவர் உண்டு. முப்பதாண்டுகள் தமிழாசிரியையாய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் அவர் இல்லம் சென்றிருந்தோம். காப்பியைக் கொடுத்த கையோடு, கணிப்பொறிக் கடையொன்றில் எழுதி வாங்கிய விலைச்சீட்டையும் நம் முன் வைத்தார்.

“இந்தப் பெட்டிக்கு ஆயுள் முடிந்துவிட்டதாம், தம்பி. புதிதுதான் வாங்க வேண்டுமாம். என் ஓய்வூதியத்தில் இரண்டு மாதப் பணம் போய்விடும். அதுகூடப் போகட்டும், இதற்குள் இருக்கும் என் எழுத்தெல்லாம் என்ன ஆகும்?”

இரண்டாவதாக அவர் கேட்ட கேள்வியே முதன்மையானது என்று நமக்குப் பட்டது. கடையில் எவரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லையாம்.

நடந்தது என்னவென்று முதலில் பார்ப்போம். 2015 ஜூலை மாதம் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அன்று எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடவில்லை; மறுநாளும் முன்போலவே இயங்கின. பின் எதற்குக் கவலை? மென்பொருளில் ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்கள் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தன. இனி, தனியே பதிவு செய்துகொள்ளாதவருக்கு அவை வாரா. கதவு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. பூட்டு பழுதானால் வந்து பார்க்க ஆள் இல்லை.

இதனால் விளையும் கேட்டை உலகம் ஒருமுறை கண்கூடாய்க் கண்டது. 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னகிரை’ என்னும் தீநிரல் நூற்றைம்பது நாடுகள் வரையில் பரவிற்று. கணிப்பொறியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, முந்நூறு டாலர் கொடுத்தால் திறந்துவிடுவதாகத் திரையில் அறிவித்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல நிலைகுலைந்தன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் கைவிடப்பட்டன. இதில் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் பலர் அதை உட்கொள்ளவில்லை. ‘திருத்தம் நிறுவப்படுகிறது, கணிப்பொறியை அணைக்காதீர்’ என்று திரை சொல்லும்போது சலித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கும் இருந்ததுண்டு. இந்நிகழ்ச்சிக்குப் பின் விட்டுவிட்டோம்.

ஆகவே, ஒன்றும் நடவாததுபோல் இருந்துவிடுவது தகாது. அதற்காக அவசரப்பட்டுப் புதிது வாங்குவதும் தேவையில்லை. எந்த வழியில் செல்வதாயினும், முதல் வேலை உள்ளிருப்பதை வெளியே எடுத்துக் காப்பதே.

ஒரு புறவட்டு வாங்கி, கடிதங்கள், நிழற்படங்கள், கணக்குகள் யாவற்றையும் படியெடுத்துக்கொள்க. படியெடுத்ததும் வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். எந்நேரமும் பொருத்தியே வைத்திருந்தால், மேற்சொன்ன தீநிரல் வரும்போது கணிப்பொறியோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். இரண்டாம் படி ஒன்றை மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வைப்பது நன்று. நெருப்பும் வெள்ளமும் ஒரே நாளில் இரு வீடுகளுக்கு வருவது அரிது. படியெடுத்த கோப்புகளுள் நாலைந்தை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்த பின்னரே நிம்மதி கொள்ளலாம். நம் ஆசிரியையம்மாள் 2006-இல் குறுந்தகட்டில் பதிந்து பத்திரமாய்ப் பூட்டி வைத்திருந்த படங்களை அன்று திறக்க முயன்றோம். தகடு சுழன்றது, முனகிற்று. ஒரு படமும் வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை மீண்டும் உறைக்குள் இட்டார்.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அம்மையார் தம் குடும்ப வரலாற்றை 2003 முதல் சிறுகச் சிறுகத் தட்டெழுதி வந்திருக்கிறார். பாட்டனார் பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தது முதல் பேரப்பிள்ளை பிறந்தது வரை. அந்தக் கோப்பை நம் மடிக்கணினியில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே வரிவரியாய் நின்றன. “ஐயோ, எல்லாம் போயிற்றே!” என்று அவர் பதறிவிட்டார்.

எதுவும் போகவில்லை. அவர் பயன்படுத்தியது பாமினி என்னும் பழைய எழுத்துரு. அக்காலத்து எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால், கணிப்பொறி தன்னுள் குறித்துக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளையே. எழுத்துரு உள்ள கணிப்பொறியில் அது ‘அம்மா’; இல்லாத இடத்தில் வெறும் கிறுக்கல். 1991-இல் வெளிவந்த ஒருங்குறி முறையோ தமிழுக்கென 128 இடங்களைத் தனியே ஒதுக்கியது. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றது. ஒருங்குறியில் எழுதியது எந்தக் கருவியிலும் தமிழாகவே தோன்றும். அதில் ஒரு சொல்லைத் தேடவும் முடியும்.

உங்கள் கோப்பு எவ்வகையது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வரியைத் தெரிந்தெடுத்து, எழுத்துருவை ‘ஏரியல்’ என மாற்றுக. தமிழ் அப்படியே நின்றால் அது ஒருங்குறி. ஆங்கிலக் குறிகளாய் மாறினால் பழைய முறை. பார்த்ததும் அம்மாற்றத்தை நீக்கிவிடுக. பழைய முறையாயின், அவ்வெழுத்துருக் கோப்பையும் மறவாமல் புறவட்டில் சேர்த்து வையுங்கள். பின்னர் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் ஒருங்குறிக்கு மாற்றலாம். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்று எண்ணிக் குழப்பிவிடும்; எனவே பகுதி பகுதியாய் மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். மலர்களையும் செய்தி மடல்களையும் பேஜ்மேக்கரில் அமைத்தவர்கள், லிப்ரே ஆபீஸில் அக்கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். பக்க அமைப்புச் சிதைந்தாலும் எழுத்து கைக்கு வரும்.

உள்ளடக்கம் காப்பாற்றப்பட்டபின், பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். விண்டோஸ் 11-ஐ அது ஏற்குமா என்று மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்னும் இலவச நிரலே சொல்லிவிடும். ஏற்குமாயின் செலவின்றி மாறலாம். டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு இல்லையெனப் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். பல கணிப்பொறிகளில் அது உண்டு; தொடக்க அமைப்புகளில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. செயலி மிகப் பழையதென்றால் மட்டும் வழியில்லை. இன்டெல் வகையில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை தள்ளப்படுகின்றன. விண்டோஸ் 10-லேயே சிறிது காலம் தொடர விரும்பிய இல்லங்களுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக 2025-இல் அந்நிறுவனம் அறிவித்தது. அது தவணையே அன்றித் தீர்வன்று.

மற்றொரு வழி லினக்ஸ். அதன் வகைகளுள் ‘லினக்ஸ் மின்ட்’ விண்டோஸில் பழகியவர்களுக்கு எளிதானது, விலையும் இல்லை. விரற்கடை அளவான நினைவகக் குச்சியில் ஏற்றி, பழையதை அழிக்காமலே சில நாள் இயக்கிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. கடிதம் எழுதுவோருக்கும் செய்தி படிப்போருக்கும் வேறென்ன வேண்டும்? ஆனால் டேலி போன்ற கணக்கு மென்பொருளையே நம்பித் தொழில் நடத்துவோர் இப்பக்கம் வராதிருப்பது நல்லது. சில அச்சுப்பொறிகளும் முரண்டு பிடிக்கும். அதை முன்னமே சோதித்தறிக.

கணிப்பொறி மெதுவாய் ஓடுகிறது என்பவர்கள், சுழலும் பழைய வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்துவார்களாக. பத்தாண்டுப் பெட்டியும் நடை மாறிவிடும். ‘வேகப்படுத்தும்’ மென்பொருள் என்று விளம்பரத்தில் வருவனவற்றை நாம் நம்புவதில்லை.

சில கடைகளில் அலுவலக மென்பொருளை ‘இலவசமாகவே’ ஏற்றித் தருவதாய்ச் சொல்வார்கள். அது பூட்டுடைத்த படி. அதை ஏற்றுவதற்காக நச்சுநிரல் காவலையே அணைக்கச் சொல்வதும் உண்டு. களவுப் பொருளென்பது ஒருபுறமிருக்க, அதனுள் ஒளிந்து வருவது எதுவென்று விற்றவருக்கே தெரியாது. லிப்ரே ஆபீஸ் உண்மையாகவே இலவசம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

ஆசிரியையம்மாளின் பெட்டி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. புதிய வட்டு ஒன்றைப் பொருத்தி மின்ட்டை நிறுவினோம். முதல் வாரம் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். இரண்டாம் வாரம் ஒருமுறை. குடும்ப வரலாறு ஒருங்குறிக்கு மாறிவிட்டது. ஆனால் கொம்புகளும் கால்களும் சில இடங்களில் இடம் மாறி நிற்கின்றன. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் அச்செடுத்துத் தரச் சொல்லி, சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருக்கிறார், பழைய வழக்கப்படி.

“அந்த விலைச்சீட்டை என்ன செய்வது, தம்பி?” என்றார்.

“பின்பக்கம் வெறுமையாய்த்தானே இருக்கிறது, டீச்சர்? பிழைப் பட்டியல் எழுத வைத்துக்கொள்ளுங்கள்” என்றோம்.