குறைந்த முதலீட்டுக் கதைப்படங்களின் வெற்றி தோல்வி: இராசபாளையம், திருவில்லிபுத்தூர்த் திரையிடல் சூழலை முன்வைத்து

முன்னுரை
குறைந்த முதலீட்டில் உருவாகும் குடும்ப, சமூகக் கதைப்படங்கள் தோல்வியுறும்போது பார்வையாளரின் இரசனைக் குறைவே காரணம் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. அக்கூற்று முழுமையானதன்று. எழுத்து, விநியோகம், திரையிடல் ஆகிய மூன்று நிலைகளுள் ஒரு படம் எந்நிலையில் வீழ்கிறது எனப் பிரித்தறிதல் வேண்டும். அம்மூன்று நிலைகளையும் அண்டை நகரங்களான இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்து நிலை
முதலீட்டின் எல்லையைக் கதையின் இயல்பாகவே ஆக்கிக்கொண்ட படங்கள் நிலைத்துள்ளன. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் கட்டிமுடியாத வீடே கதைக்களம். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றையும் அவரே ஏற்றார். பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ தந்தையும் மகனும் வெயிலில் நடந்து செல்லும் பயணத்தையே மையமாகக் கொண்டது. இவற்றில் பணமின்மை குறையாகத் தோன்றவில்லை. கதை அப்பணத்தை வேண்டவில்லை. மாறாக, பெரும்படத்தின் சண்டையையும் பாடலையும் சிறுதொகையில் போலச்செய்யும் படம், தன்னைப் பெரும்படத்தோடு ஒப்பிடுமாறு பார்வையாளரைத் தானே தூண்டுகிறது.

விநியோக நிலை
எழுத்து மட்டும் போதாது என்பதற்கு ஜெயகாந்தன் இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ சான்றாகும். தேசிய அளவில் மூன்றாவது சிறந்த படத்துக்கான தகுதிச் சான்றிதழ் பெற்றும், விநியோகஸ்தர் ஆதரவின்மையால் அது பரவலாகத் திரையிடப்படவில்லை. பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004), விருதுநகரைக் களமாகக் கொண்ட வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) ஆகியவையோ இயக்குநர் ஷங்கரின் தயாரிப்பாக வந்தன. இரு சிறுவர்களை நாயகர்களாகக் கொண்ட மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015), தனுஷ், வெற்றிமாறன் ஆகியோரின் தயாரிப்பாகவும் 2 தேசிய விருதுகளோடும் வெளிவந்தது. முன்னணி நட்சத்திரம் இல்லாத இடத்தைத் தயாரிப்பாளரின் பெயர் நிரப்பியது எனலாம்.

திரையிடல் நிலை
1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இவ்விரு நகரங்களும் திரைப்பட வணிகத்தில் ‘மதுரை–இராமநாதபுரம் ஏரியா’வைச் சார்ந்தவை. முன்பணம் உறுதிசெய்யும் ‘அவுட்ரைட்’, ‘எம்.ஜி.’ முறைகள் சிறுபடங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அவை பெரும்பாலும் வசூல் பங்கீட்டு முறையையே நம்புகின்றன. டிஜிட்டல் திரையிடல் கட்டணமோ அரங்குகளின் எண்ணிக்கைக்கேற்ப உயரும். ஆகவே செலவு உறுதி, வரவு உறுதியன்று.

சிறுபடம் வாய்மொழிப் பரிந்துரையால் மெல்ல வளர்வது. அரங்குகள் சிலவே உள்ள நகரில், அடுத்த வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்ததும் அது இடம் இழக்கிறது. காலைக்காட்சி மட்டும் ஒதுக்கப்பட்டால் நிலைமை மேலும் மோசமாகும். இராசபாளையத்து நூற்பாலைகளிலும் சத்திரப்பட்டியின் மருத்துவத்துணி விசைத்தறிகளிலும் பகல்முறை வேலை பார்ப்போர் அக்காட்சிக்கு வர இயலாது. அவ்வேளையில் காலியாகும் இருக்கைகள் இரசனைக்குச் சான்றாகா. காட்சி நேரத்துக்கே சான்றாகும்.

முடிவுரை
‘கூழாங்கல்’ 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது; 2023இல் சோனி லிவ் இணையத்தளத்தில் வெளியானது. எந்த எளிய மக்களின் வாழ்வைப் படம் பேசுகிறதோ, அவர்கள் தம் ஊர் அரங்கில் அதனைக் காணும் வாய்ப்பே இங்குக் கேள்விக்குள்ளாகிறது. எனவே ‘ஓடவில்லை’ என்னும் முடிவை ஏற்குமுன், எத்தனை அரங்குகள், எத்தனை நாள்கள், எந்தெந்தக் காட்சிகள் என வினவுதல் வேண்டும். திரையரங்குகளின் அன்றாட வசூல் கணக்கேடுகள் அழியுமுன் அவற்றைத் திரட்டி ஆராய்வது மாவட்ட அளவிலான திரைப்பட ஆய்வின் முதற்பணியாகும்.