பின்சீட்டில் விறைக்கும் விரல்கள்

மார்கழி பிறந்துவிட்டால் செய்யாற்றங்கரை ஊர்களில் சேவலுக்கு முன்னால் வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. காவாந்தண்டலத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தறிக்கூலிக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டுக்குக் காய், பூ ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், வாலாஜாபாத் பக்கம் போய் கம்பெனி பஸ் பிடித்து ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் இருட்டோடு புறப்பட்டாக வேண்டும். ஓட்டுகிறவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ வீட்டுக்காரராகவோ இருப்பார். தலையில் ஹெல்மெட், உடம்பில் ஜெர்கின், கழுத்தில் மஃப்ளர் என்று அவர் ஓரளவு தயாராகத்தான் வருகிறார். பின்னால் உட்காருகிறவர் பெரும்பாலும் பெண். அவருக்குத் துப்பட்டா, மிஞ்சிப்போனால் ஒரு சால்வை. கை இரண்டும் அந்தச் சால்வைக்குள் போய்விட்டிருக்கும்.

வண்டி ஓடும்போது அந்தக் கைகள் சால்வைக்குள் இருக்கக் கூடாது. குளிருக்கு என்னென்ன செய்யலாம் என்று சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் குளிர் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் இதுவரை பதிவானதில் மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், காஞ்சிபுரம் பக்கம் தை மாத விடியல் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் இது வீட்டு வாசலில் நிற்கிறவருக்கான கணக்கு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் மேல் நொடிக்குப் பதினான்கு மீட்டர் காற்று அடிக்கிறது. தோலை ஒட்டி உடம்பு சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தை அது நிற்கவிடாமல் பிய்த்துக்கொண்டே போகிறது. கை ஈரமாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். கையில் இருக்கும் ஒரு கிராம் ஈரம் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும், அதில் பெரும்பகுதியைத் தோல்தான் கொடுத்தாக வேண்டும். பாத்திரம் விளக்கிவிட்டு முந்தானையில் அரைகுறையாகத் துடைத்த கையோடு வண்டி ஏறுகிறவருக்கு இது ஊரைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

ஊர் இருக்கும் இடமும் ஒரு காரணம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். ஆற்றுப் படுகை, ஏரி உள்வாய், தண்ணீர் கட்டிய நெல்வயல் எல்லாம் இந்தப் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கிருந்து காஞ்சிபுரத்துக்கானாலும் வாலாஜாபாத்துக்கானாலும் பாலாற்றைத் தாண்டாமல் வழியில்லை. ஊர்த்தெருவில் வீடுகளும் மரங்களும் தடுத்த காற்று பாலத்தின் மேல் ஏறியதும் தடையின்றி அடிக்கும்.

பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காரும்போது முகம் இடப்பக்கம் பார்த்திருக்கும். வலது கை ஓட்டுகிறவரின் தோளிலோ இடுப்பிலோ. எதிர்க்காற்று முழுவதும் அந்தக் கையில்தான். இடது கை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கைக்குக் காற்று குறைவு, ஆனால் இரவெல்லாம் பனியில் நனைந்து கிடந்த இரும்பு உள்ளங்கையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுகிறவரின் விரல்களாவது கிளட்ச், பிரேக் என்று ஓயாமல் அசைகின்றன. பின்னால் இருப்பவரின் விரல்கள் மடங்கியபடியே அசையாமல் கிடக்கும், கிடந்து விறைத்துப்போகும்.

இது கையில் மட்டும் தொடங்குவது அல்ல. நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்தால் உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்றப் பார்க்கிறது. விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை உள்ளே நிறுத்திக்கொள்கிறது. அதனால் கையை மட்டும் மூடிக்கொண்டு உடம்பைக் காற்றில் விட்டால் எவ்வளவு நல்ல கையுறையும் பாதிப் பலன்தான் தரும். முதலில் நெஞ்சை மூட வேண்டும். மலையுச்சியிலிருந்து இறங்கும் சைக்கிள் பந்தய வீரர்கள் பனியனுக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வது நெடுநாள் வழக்கம். நாலாக மடித்த நாளிதழ் ஒன்றைச் சுடிதார் மேல்சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் வைத்தால் காற்று உள்ளே புகாது. காசு செலவில்லை, கம்பெனி வாசலில் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது முன்கை. இதைப் பலரும் யோசிப்பதில்லை. விரல்களை மடக்கி இறுக்கிப் பிடிக்கவைக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்பு போன்ற நாண்கள் மணிக்கட்டு வழியாக வந்து விரல்களை இழுக்கின்றன. முன்கை குளிர்ந்துபோனால் உள்ளங்கை கதகதப்பாக இருந்தாலும் பிடி தளர்ந்துவிடும். அரைக்கை ரவிக்கையும் முக்கால் கை சுடிதாரும் மூடாமல் விடுவது சரியாக அந்த இடத்தைத்தான். பழைய நீளமான சாக்ஸ் ஒரு ஜோடி போதும்: விரல் பக்கத்தை வெட்டிவிட்டு, குதிகால் மடிப்பில் கட்டைவிரலுக்கு ஒரு ஓட்டை போட்டு, முழங்கை வரை ஏற்றிக்கொள்ளலாம். வளையலுக்கு மேலே போட்டால் இறுகும், ரத்தம் குறையும். வளையலைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கியபின் போட்டுக்கொள்வது நல்லது.

கையுறை வாங்கப் போனால் கடையில் இருப்பதெல்லாம் ஓட்டுகிறவருக்கானது. வட இந்தியக் குளிரில் ஹேண்டில்பாருக்குப் பெரிய ரெக்சின் உறை மாட்டுகிறார்கள். சீனாவில் மின்ஸ்கூட்டருக்கு முன்னால் மெத்தை போன்ற போர்வையே விற்கிறது. மேல்நாடுகளில் கைப்பிடிக்குள் மின்கம்பி வைத்துச் சூடேற்றும் வண்டிகள் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. எல்லாம் முன்சீட்டுக்கு. பின்சீட்டையும் நினைத்துச் செய்ததாக எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு. வியட்நாமில் ஒரே மழைக்கோட்டில் இரண்டு பேர் தலை நுழைக்க இரண்டு திறப்பு வைத்துத் தைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலைகள் நம் மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. அந்த வட்டாரத்து வேலைக்கு விறைத்த விரலோடு போய் இறங்கும் பெண்களில் சிலர் முதல் மணி நேரத்திலேயே நுண்ணிய திருகாணியையும் ஒயரையும் கையாள வேண்டும்.

கடையில் இல்லாதது பல வீடுகளில் கிடக்கிறது. கம்பெனியிலும் குடோனிலும் கொடுக்கிற, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த நூல் கையுறையைச் சொல்கிறேன். காற்று அதற்குள் புகும் என்பது ஒன்றே குறை. அதற்குள்ளே மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டால் அந்தக் குறையும் தீர்ந்தது. பிளாஸ்டிக் உள்ளேயும் நூல் வெளியேயும் இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் கம்பியில் வழுக்கும். கையுறை விரலை நெருக்காமல் கொஞ்சம் தளர்ந்திருக்கட்டும். பின்கம்பிக்குப் பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றலாம், கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் உறையும் பொருந்தும். துணி சுற்றினால் பனியைக் குடித்து ஊறிவிடும், வேண்டாம்.

இனி, என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஓட்டுகிறவருக்கு ஹேண்டில்பார் இருக்கிறது, கால் ஊன்ற இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. வேகத்தடை வருவதும் பள்ளம் வருவதும் அவருக்கு முன்னாலேயே தெரியும். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது பக்கத்து வயல் மட்டும். அவரை வண்டியோடு சேர்த்து வைத்திருப்பது அவருடைய இரண்டு கைகள்தான். அந்தக் கைகளைக் குளிர் சால்வைக்குள் தள்ளிவிடுகிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் போகும். வெள்ளைப் பட்டை அழிந்த வேகத்தடை ஒன்றில் வண்டி தூக்கிப்போட்டால், சால்வை மடிப்பிலிருந்து கையை உருவி, விறைத்த விரலை விரித்துக் கம்பியைத் தேடுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். “பாப்பா, கெட்டியாப் புடிச்சிக்க” என்று அப்பா சொல்வது பல சமயம் வண்டி குலுங்கிய பிறகுதான்.

சால்வையால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் நுனி காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தையே இழுக்கும். நம் சட்டம் இதை எப்போதோ யோசித்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்சீட்டு உள்ள எந்த மோட்டார் சைக்கிளிலும் பின்னால் இருப்பவர் பிடிக்க நிலையான கைப்பிடி, கால் வைக்கும் படி, உடை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. சேலை கார்டு என்று நாம் சொல்வது அந்தத் தடுப்பைத்தான். வண்டி வீட்டுக்கு வந்த வாரமே அதைக் கழற்றிப் பரணில் போடும் பையன்கள் எத்தனை பேர்! பார்க்க அழகாக இல்லையாம். கம்பியையும் கழற்றிவிட்ட வண்டிகளைப் பார்க்கிறேன். அதே வண்டியில்தான் அம்மாவையும் அக்காவையும் பனியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கோபம் வருகிறது. பத்து நிமிட வேலை, ஒரு ஸ்பேனர். கழற்றியதைத் திரும்ப மாட்டிவிட்டு அப்புறம் அவர்களை ஏறச் சொல்லட்டும்.

ஓட்டுகிறவரின் ஜெர்கின் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டால் போதுமே என்று புதிதாகக் கல்யாணமானவர்கள் சொல்வார்கள். கதகதப்பு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வண்டி சாய்ந்தால் இரண்டு கைகளும் அந்தப் பாக்கெட்டில் மாட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவரையும் சேர்த்து இழுக்கும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, கையுறை போட்ட கையால் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடிப்பதே மேல். உள்ளங்கைகள் அவர் வயிற்றுப் பக்கம் வரும், முன்கைகளின் உட்புறத்துக்கு அவர் உடம்புச் சூடு கிடைக்கும். சேலையில் இது முடியாது. சுடிதார் போடுகிறவர்களும் ஊர் என்ன சொல்லுமோ என்று ஒருபக்கமாகவே உட்காருகிறார்கள். ஊர் சொல்வதை விட்டுவிட்டு உட்காரச் சொல்வேன்.

சிலருக்குக் குளிர் பட்டதும் விரல்கள் சுண்ணாம்பு போல வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து குத்தும். 1862-இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் கோளாறு இது. பெண்களிடம் அதிகம். ‘எனக்குப் பனி ஒத்துக்காது’ என்று வருடக்கணக்கில் சமாளித்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை டாக்டரிடம் கையைக் காட்டுவது அவசியம், சிலருக்கு மூட்டு, தோல் சம்பந்தமான வேறு நோயின் அடையாளமாகவும் அது இருக்கும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய கைக்கு வேறு எச்சரிக்கை: இறங்கியதும் கொதிக்கும் டீ கிளாஸை உள்ளங்கையில் அழுத்திப் பிடிக்க வேண்டாம். சுடுவது தெரியாமலே கொப்புளித்துவிடும். கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஓட்டுகிறவர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. அறுபதில் போகிறவர் நாற்பதுக்கு இறங்கினால் காற்று அள்ளிப்போகும் சூடு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். காஞ்சிபுரம் வரைக்கும் கூடுதலாகும் நேரம் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடம் முன்னால் எழுந்தால் முடிந்தது. பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் இருப்பவர் விரலைப் பத்து முறை மடக்கி விரிக்கும்வரை நிற்கலாம்.

குழந்தை இருக்கும் வண்டியில் எல்லாமே மாறிவிடுகிறது. அம்மாவின் ஒரு கை குழந்தையைச் சுற்றிப் போய்விடும், இன்னொன்று குழந்தையின் காதை மூடிய துணியைப் பிடித்திருக்கும். கம்பிக்குக் கை மிச்சமில்லை. 2022 பிப்ரவரியில் அறிவித்த விதித் திருத்தம் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும், ஓட்டுகிறவரோடு குழந்தையைப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்தப் பட்டையைக் கட்டிய வண்டியை நம் கிராமத்துச் சாலைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். குழந்தைக்காக வந்த விதி என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு: பட்டை இருந்தால் குழந்தை நடுவில் உட்கார்ந்து அப்பாவின் முதுகோடு ஒட்டியிருக்கும், அம்மாவின் இடது கை கம்பிக்குத் திரும்பும். அந்தக் கம்பியில் ரப்பர் சுற்றியிருக்க வேண்டும், அந்தக் கையில் கையுறை இருக்க வேண்டும். தை அறுவடைக்கு முன்னால் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள், பனி மாசி வரைக்கும் இருக்கிறது.