நல்ல கிளையண்ட் நசரத்பேட்டையைச் சுற்றியே இருக்கிறார்

ஃபைவர் போன்ற தளங்களில் நள்ளிரவு வரை கண்விழித்து, உலகம் முழுவதும் உள்ள போட்டியாளர்களைவிட விலையைக் குறைத்துச் சொல்லி வேலை பிடிக்கும் வெப் டிசைனர்கள் பூந்தமல்லி வட்டாரத்தில் உண்டு. அப்படி வாங்கிய காசிலும் 20 சதவீதத்தை ஃபைவர் எடுத்துக்கொள்ளும். நசரத்பேட்டையில் இருந்துகொண்டு இந்தப் பாடுபடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திப்பது இங்கேதான். மேற்கே திருமழிசை சிட்கோ. அதைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. 1998 முதல் ஹூண்டாய் கார் தயாராகும் ஊர், சுற்றிலும் உதிரிபாகக் கம்பெனிகள். வடகிழக்கே 1960களில் உருவான அம்பத்தூர் எஸ்டேட். டூவீலரில் போய்வரக்கூடிய தூரத்தில் இத்தனை தொழிற்சாலைகள்.

தெருமுனைக் கடைக்காரரிடம் பேசினால், "ஐயாயிரத்துக்கே போட்டுத் தர்றாங்களே தம்பி" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. அவர் கடைக்கு ஆள் வருவது வெப்சைட்டால் அல்ல. ஏற்றுமதிக்கு முயலும் கம்பெனியின் நிலைமை வேறு. ஜெர்மனியில் இருக்கும் பர்ச்சேஸ் அதிகாரி விலை கேட்டு மெயில் அனுப்புவதற்கு முன் அந்த கம்பெனியின் வெப்சைட்டைத்தான் பார்ப்பார்.

அங்கே அவர் கண்ணில் படுவது என்ன? யாரோ இரு வெளிநாட்டவர் கைகுலுக்கும் படம். விஷன், மிஷன் என்று இரண்டு பத்தி. கீழே ஒரு ஜிமெயில் முகவரி. அவர் தேடியதோ வேறு: எந்தெந்த சி.என்.சி. மெஷின் இருக்கிறது, அதிகபட்சம் எவ்வளவு பெரிய பாகத்தைக் கடையலாம், எத்தனை மைக்ரான் துல்லியம், எந்த ரக எஃகு, அளவு சரிபார்க்க சி.எம்.எம். உண்டா, ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும், டிராயிங்கை எங்கே அனுப்புவது. இந்த விவரமெல்லாம் புரொடக்‌ஷன் மேனேஜர் தலையில் இருக்கிறது. ஷாப் ஃப்ளோருக்குப் போய் அவரோடு அரை நாள் நின்று கேட்டு எழுதி, ஓடுகிற மெஷின்களையே படம் எடுத்துப் பக்கமாக்கும் டிசைனருக்கு ஐயாயிரம் ரூபாய் ஆள் போட்டியே இல்லை. விலை சொல்வதற்கு முன், "ஒரு புது ஏற்றுமதி ஆர்டர் உங்களுக்கு எவ்வளவு பெறும்?" என்று முதலாளியிடம் கேளுங்கள். பேச்சு அந்தத் தொகையிலிருந்து தொடங்கட்டும், பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்பதிலிருந்து வேண்டாம்.

அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கமான ஐமா, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஆக்மி மெஷின் டூல் கண்காட்சியை நடத்துகிறது. சிறிய ஸ்டால்களில் முதலாளியையே நேரில் பிடிக்கலாம். போகும் முன் ஸ்டால் போடும் கம்பெனிகளின் வெப்சைட்டை செல்போனில் திறந்து பாருங்கள். "சார், உங்க சர்டிபிகேட் பக்கத்துல பழசு கிடக்குது" என்று ஒரு குறையைக் காட்டுங்கள். விசிட்டிங் கார்டு நீட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

தொழிற்சாலைக்காரர் கொட்டேஷன், பி.ஓ., அட்வான்ஸ் என்று பழகியவர். வாட்ஸ்அப்பில் தொகை சொல்லாமல், செய்வது என்ன, செய்யாதது என்ன, எத்தனை முறை திருத்தம் என்று எழுதிய கொட்டேஷன் கொடுங்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். டொமைனை அவர் பெயரிலேயே வாங்குங்கள். கம்ப்ரஸருக்கு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுகிறவருக்கு வெப்சைட் ஏ.எம்.சி. என்றால் விளக்கம் தேவைப்படாது. ஆண்டுதோறும் வரும் வருமானம் அதுதான்.

அடுத்தது வசூல். இதற்குக் கைகொடுப்பது சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு. அதற்கு அரசு கட்டணம் கிடையாது. தனி ஆளாக டிசைன் செய்பவரும் குறு நிறுவனமாகப் பதியலாம். 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதை வருமான வரியோடும் கோத்துவிட்டது: கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் கம்பெனி தன் செலவாகக் காட்ட முடியும். ஆகவே உத்யம் எண்ணை இன்வாய்ஸின் மேலேயே அச்சிடுங்கள். மார்ச் நெருங்கும்போது, இந்த பில்லுக்குப் பணம் போய்விட்டதா என்று கம்பெனியின் ஆடிட்டரே கேட்பார்.